தட்டைக் கீழே வைக்கச் சொன்ன அத்தை

கணக்குத் தேர்வு எழுதிவிட்டு வெளியே வந்தபோது விடுதிக் காப்பாளர் அம்மா தன் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். அப்பா பேசினார். பின்னால் பம்பை முழங்கிக்கொண்டிருந்ததால் கத்திக் கத்திப் பேசினார்.

"பாப்பா, அத்தை மேல ஆத்தா வந்துட்டா! நம்ம வூட்டுல இதுவரிக்கும் யாருக்கும் வந்ததில்ல. உங்கப்பனுக்கு இன்னிக்கு ஊர்ல இன்னா மரியாதை தெரியுமா?"

"அத்தை சாப்ட்டாங்களாப்பா?" என்று கேட்டேன்.

"நோம்பு இருக்கிறவ எப்படி சாப்டுவா? நல்லா கேட்ட போ" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

பொழுது சாயும்போது மறுபடி அழைப்பு வந்தது. இந்த முறை அம்மா. ஜீப்பில் மலை இறங்கும்போதே அத்தைக்கு நினைவு போய்விட்டது, ஆஸ்பத்திரியில் சேர்த்தும் கண் திறக்கவில்லை, முடிந்துவிட்டது என்று அழுகைக்கு நடுவே சொன்னார். பக்கத்தில் யாரோ, "ஆத்தாவே வந்து இட்டுக்கினு போய்ட்டா, இந்த மாதிரி சாவு யாருக்குக் கெடைக்கும்" என்று சொல்வது கேட்டது. எனக்கு அழுகை வருவதற்கு முன்னால் சந்தேகம் வந்தது. அதற்காக என்னை யாரும் திட்ட வேண்டாம். சந்தேகப்படப் பழக்கியதே அத்தைதான்.

பச்சையம்மா அத்தையை உங்கள் எல்லோருக்கும் தெரியும். நம் விடுதிச் சமையலறையில் அவர் கையால் சாப்பிடாதவர் யாரும் இல்லை. உங்களுக்குச் சமையல் அக்கா, எனக்கு அப்பாவின் அக்கா. விடுதியில் எல்லோரும் கூடும்போது படிப்பதற்காக அவரைப் பற்றி எழுதித் தரும்படி தமிழ் டீச்சர் சொல்லி அனுப்பினார். அதைத்தான் எங்கள் வீட்டில், போர்வைக்குள் டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். மண்சுவருக்கு அந்தப் பக்கம் பெரியப்பா படுத்திருக்கிறார். அவர் இருமும்போதெல்லாம் வெளிச்சத்தை அணைத்துவிடுகிறேன்.

அத்தை யாரையும் லேசில் நம்பமாட்டார். முட்டை வந்தால் ஒவ்வொன்றையும் தண்ணீரில் போட்டுப் பார்ப்பார். மிதந்ததை எடுத்து முட்டை கொண்டுவந்தவர் முகத்துக்கு நேரே காட்டி, "இது உங்க வூட்டுப் புள்ளைக்கா, ஊரான் வூட்டுப் புள்ளைக்கா?" என்று கேட்பார். கலசப்பாக்கத்திலிருந்து அரிசி ஏற்றி வரும் வண்டிக்காரர், "இந்தம்மா இருக்கிற எடத்துல மூட்டைய இறக்குறதும் ஒண்ணு, ஸ்டேசன்ல உக்கார்றதும் ஒண்ணு" என்று புலம்புவார். வயிற்றுவலி என்று வகுப்புக்குப் போகாமல் படுத்திருக்கும் பிள்ளைகளைக்கூட அவர் நம்பியதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக, "சாயங்காலம் பணியாரம்" என்பார். எழுந்து உட்கார்ந்தால் வலி பொய்.

ஒருநாள் இரவுச் சாப்பாட்டுக்கு வரிசையாக உட்கார்ந்திருந்தோம். பாதிப் பேர் சாப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். சமையலறையிலிருந்து அத்தை கரண்டியோடு ஓடிவந்தார். "எல்லாரும் தட்டைக் கீழ வைங்க! வைங்கடீ!" குழம்பில் லேசாக மண்ணெண்ணெய் வாடை. காப்பாளர் அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "யார் பண்ண வேலை இது? யார் பண்ணதுன்னு இப்பவே தெரியணும்" என்று சத்தம் போட்டார். அத்தை ஒரு பிள்ளையின் கையிலிருந்த கவளத்தைத் தட்டிவிட்டுக்கொண்டே, "யாருன்றது அப்பாலம்மா. மொதல்ல தட்டைக் கீழ வைக்கட்டும்" என்றார்.

எல்லாத் தட்டும் கீழே வந்த பிறகு, அடுப்பில் உப்புமாவுக்குத் தண்ணீர் ஏற்றிய பிறகு, நம் எல்லோர் முன்னாலும் வந்து நின்றார். எண்ணெய் வாங்கக் கடைக்குக் கேன் கொடுத்தனுப்பியது அவர்தான். பழைய மண்ணெண்ணெய்க் கேனைக் கழுவியதாக நினைத்துக் கழுவாமல் கொடுத்துவிட்டார். "நான்தான். இனிமேல என் மேலயும் ஒரு கண்ணு வெச்சுக்கோங்க" என்றார். அன்றைக்கு நாம் எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்புச் சத்தம் இந்த வீட்டில் எனக்கு அடிக்கடி கேட்கிறது.

அத்தைக்குச் சர்க்கரை இருப்பது நம் பள்ளியில் நடந்த மருத்துவ முகாமில் தெரிந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். ஒன்று பெரியது, ஒன்று சின்னது. பெரியது மெட்ஃபார்மின், சின்னது கிளிமிபிரைடு. அத்தைக்குப் படிக்கத் தெரியாது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும்போதெல்லாம் என்னையும் கூட்டிக்கொண்டு போவார். மாத்திரை வாங்கியதும் அங்கேயே படியில் உட்கார்ந்து, "படி, அட்டையில இன்னா போட்டுக்குது? தேதி எந்தப் பக்கம்?" என்று கேட்பார். தேதி அச்சடித்த பக்கத்தைக் கடைசிவரை பிரிக்கமாட்டார். ஒவ்வொரு மாத்திரை எடுத்ததும் அந்தக் காலிக் குழியைக் கத்தரியால் வெட்டி எறிந்துவிடுவார். போட்டோமா இல்லையா என்ற சந்தேகமே வரக்கூடாது என்பதற்காக.

ஒருமுறை அட்டையின் நிறம் மாறி வந்தது. அத்தை தொடவில்லை. மறுநாள் பஸ் பிடித்துத் திரும்பப் போய் நர்ஸ் அக்காவிடம் நீட்டினார். "கம்பெனி மாறிக்குது பச்சையம்மா, மருந்து அதேதான்" என்று அவர் சிரித்தார்.

"நீங்க சொல்றீங்க, சரி. பாப்பா, அதே பேரு போட்டுக்குதா பாரு."

நான் எழுத்து எழுத்தாகப் படித்துத் தலையசைத்த பிறகுதான் பையில் வைத்தார்.

நர்ஸ் அக்கா அன்றைக்குச் சொன்னதை அத்தை இரண்டு தடவை திருப்பிச் சொல்லவைத்தார். பெரிய மாத்திரை சாப்பாட்டோடு, அல்லது சாப்பிட்டு முடித்ததும். சின்னது சாப்பாடு தயாராக எதிரில் இருக்கும்போது மட்டும். சாப்பிடாத வேளையில் சின்னதைத் தொடவே கூடாது. நோன்பு, வாந்தி, பேதி என்றால் முன்கூட்டியே வந்து கேட்க வேண்டும். வெளியே வந்ததும் அத்தை தன் பாஷையில் எனக்கு விளக்கினார்: "இந்தச் சின்னதுதான் பொல்லாதது. வவுத்துல சோறு இருந்தா சோத்தப் பாத்துக்கும். ஒண்ணும் இல்லன்னா நம்பளையே தின்னுடும்."

அது உண்மை என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு மழைநாள் காலையில், இட்லிக் கொப்பரை இறங்கும் நேரம் என்று அத்தை சின்ன மாத்திரையைப் போட்டுவிட்டார். விறகு நனைந்து அடுப்பு அணைந்துவிட்டது. திரும்பப் பற்றவைக்க நேரமாகிவிட்டது. நான் தண்ணீர் எடுத்துக்கொண்டு உள்ளே போனபோது அத்தையின் ரவிக்கை வியர்வையில் ஒட்டியிருந்தது. குளிரில் எனக்குப் பல் கிட்டித்தது, அவருக்கு வியர்வை! கை உதறியது. என்னைப் பார்த்து, "யார்மே நீ?" என்றார். இடுப்பிலிருந்த சுருக்குப் பையை அவிழ்க்கப் பார்த்தார், விரல் நிற்கவில்லை. நான் அவிழ்த்தேன். உள்ளே வெல்லக்கட்டி. வாயில் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் அத்தை என்னை அடையாளம் கண்டு, உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார். பிறகு, "பாத்துக்கினியா? இதான் அதோட மூஞ்சி. எங்க பாத்தாலும் வுட்டுடாத" என்றார்.

அடுத்த முறை போனபோது இதை நர்ஸ் அக்காவிடம் சொன்னோம். வெல்லம் கொடுத்தது சரி, விழுங்க முடிகிறவரைதான் வாயில் கொடுக்கலாம், நினைவு தப்பினால் எதையும் ஊற்றாமல் உடனே மலையிறங்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட வேண்டும், நினைவு திரும்பினாலும் வந்து காட்ட வேண்டும் என்றார். மாத்திரையின் அளவையும் டாக்டர் குறைத்தார்.

ஆடி மாதம் அத்தையோடு படவேட்டுக்குப் போயிருந்தேன். கோயிலுக்குப் போகும் வழியில் ஒருவர் டப்பா டப்பாவாகப் பொடி வைத்து விற்றார். சர்க்கரை ஒரே மாதத்தில் ஓடிவிடும், மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடலாம் என்றார்.

"இதுல இன்னா போட்டுக்கீற?" என்று அத்தை கேட்டார்.

"நாவல் கொட்டை, ஆவாரம் பூ, அப்புறம் எங்க குடும்ப ரகசியம் ஒண்ணு."

"உங்க குடும்ப ரகசியத்த என் வவுத்துல கொண்டாந்து போடணுமா? போய்யா."

கூட்டம் சிரித்தது. அவர் பின்னாலேயே வந்து பாதி விலைக்குத் தருவதாகச் சொன்னார். அத்தை என் காதில், "பாதி வெலைக்கு இறங்குறான் பாரு. ரகசியமும் பாதியாயிடுச்சு" என்றார்.

சாமி விஷயத்தில் அவர் சந்தேகக்காரர் இல்லை. எங்கள் ஊர்க் காளியம்மனுக்கு வருடா வருடம் நோன்பு இருப்பார். பொங்கல் வைத்துப் படைக்கும்வரை பச்சைத் தண்ணீர் மட்டும். முந்தைய வாரமே நர்ஸ் அக்காவிடம் கேட்டுக்கொள்வார். "ஆத்தாவுக்கு நோம்பு, சின்னதுக்கு லீவு" என்பார். நோன்பு இருப்பவர் மஞ்சள் புடவை கட்டும்போது தின்பண்டம் எதுவும் உடம்பில் இருக்கக்கூடாது என்பது எங்கள் வழக்கம். அதனால் அன்றைக்கு மட்டும் சுருக்குப் பை ஆணியில் தொங்கும். இதுவரை ஒன்றும் ஆனதில்லை. சின்ன மாத்திரை வயிற்றில் இல்லாதபோது வெல்லம் தேவைப்படவில்லை.

சாவு வீட்டில் நான் அழுதுகொண்டே காது கொடுத்துக் கேட்டேன். பெண்கள் பெருமையாகப் பேசினார்கள்.

"இன்னா வேர்வைன்ற! கொடம் கொடமா ஊத்தினாப்ல. கை காலெல்லாம் ஆடுது."

"உங்கப்பன் எதிர்ல போய் நின்னா, யார்றா நீன்னு கேக்குது. கூடப் பொறந்தவனயே தெரியல."

"ஆத்தாவுக்கு இன்னாத்துக்குடீ உங்கப்பன் பேரு?" என்று பக்கத்து வீட்டு முனியம்மாக்கா சொன்னார். துக்கத்துக்கு நடுவிலும் இரண்டு பேர் சிரித்தார்கள்.

"அப்பால பசிக்குது, பசிக்குதுன்னு ஒரே கத்தல். வுடுவமா? உடனே கெடா வெட்டிட்டோம்."

"அத்தைக்கு எதுனா குடுத்தீங்களாக்கா?" என்று கேட்டேன்.

"அதான் சொல்றனே பாப்பா, கெடாவே குடுத்தோம்."

எதிரில் ஆணியில் சுருக்குப் பை தொங்கியது. எழுந்து போய் அழுத்திப் பார்த்தேன். வெல்லம் முழுசாக இருந்தது.

அப்பா என்னிடம் தனியாக ஒரு விஷயம் கேட்டார். கீழே ஆஸ்பத்திரியில் விரலில் குத்திப் பார்த்தபோது கருவியில் எண்ணே வரவில்லையாம், 'லோ' என்று மட்டும் காட்டியதாம். "சர்க்கரை ரொம்ப எறங்கிடுச்சுன்னு சொன்னாங்க. எறங்கினா நல்லதுதானே பாப்பா? எறக்கத்தானே இத்தினி வருசமா மாத்திரை துன்னா?" என்றார். ஏறினால் மெல்லக் கெடுக்கும், ஒரேயடியாக இறங்கினால் உடனே ஆளைச் சாய்க்கும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் பெரியப்பா வந்துவிட்டார்.

பெரியப்பா மேஸ்திரி. வருடந்தோறும் எங்கள் பக்கத்து ஆட்களைக் காப்பித் தோட்டத்துக்குக் கூட்டிப் போகிறவர். அங்கே எல்லோருக்கும் சோறாக்க என்னை அனுப்பும்படி அப்பாவை ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "பன்னெண்டாவது முடிக்கட்டும், அதுக்கு முன்னன்னா என் பொணத்தத் தாண்டிக் கூட்டிக்கினு போ" என்று மறித்து நின்றது அத்தை ஒருவர்தான். திருவிழா அன்று, ஆத்தா வந்திருக்கிறாள் என்று எல்லோரும் குறி கேட்டபோது, பெரியப்பா கற்பூரத்தை ஏந்திக்கொண்டு அத்தையின் முன்னால் நின்றிருக்கிறார். "தாயே, பாப்பாவத் தோட்டத்துக்கு இட்டுக்கினு போலாமா?" அத்தையின் தலை அப்போது நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. உத்தரவு கொடுத்துவிட்டாள் என்று ஊரே கும்பிட்டது. காரியம் முடிந்த மறுநாள் ஜீப் கிளம்புகிறது. மாற்றுச் சான்றிதழ்கூட வேண்டாம் என்கிறார்கள். நேற்று பெரியப்பா, "பை எடுத்து வெச்சுக்கினியா பாப்பா?" என்று அன்பாகத்தான் கேட்டார். அந்த அன்புதான் எனக்குப் பயமாக இருந்தது.

அத்தையின் தகரப் பெட்டியில் மாத்திரை அட்டையைத் தேடி எடுத்தேன். சின்ன மாத்திரை அட்டையில் ஒரு காலிக் குழி வெட்டப்படாமல் இருந்தது. அத்தை எடுத்திருந்தால் அது வெட்டுப்பட்டிருக்கும். வேறு யாரோ பிய்த்திருக்கிறார்கள். எனக்குப் பெரியப்பாவின் மேல்தான் சந்தேகம் போனது. அவர் அழுததை, சாப்பிட்டதை, பீடி பற்றவைத்ததை எல்லாம் கண்காணித்தேன். அவர் என்னைப் பார்த்தால் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

இன்று காலை அம்மா முற்றத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். சாதாரணமாகக் கேட்பதுபோல், "அன்னிக்கு அத்தைக்கு மாத்திரை யாரும்மா எடுத்துக் குடுத்தது?" என்று கேட்டேன்.

"நான்தான். வேற யாரு பாப்பாங்க?" முறத்தை நிறுத்தாமலே சொன்னார். "மஞ்சத்தண்ணி ஊத்திக்கினு, கண்ண மூடிக்கினு நின்னாங்க. பொங்க வெக்கிற அவசரம், மாத்திரை நெனப்பே இல்ல. நானே ரெண்டையும் பிச்சு எடுத்தாந்து, வாயத் தொறங்க அண்ணின்னேன். கண்ணத் தொறக்காமலே வாயத் தொறந்தாங்க. தீர்த்தம்னு நெனச்சாங்களோ இன்னாவோ. நம்ம ஊரு கேம்புல அந்த மேடம் சொன்னாங்களே, ஒரு வேள கூட வுடக்கூடாதுன்னு. நான் வுடல பாப்பா. மாத்திரை போடாம செத்தாங்கன்னு யாரும் ஒரு சொல்லு சொல்ல முடியாது." அதற்குப் பிறகு முறத்தை வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

முட்டையை நம்பாத, அட்டையை நம்பாத, நர்ஸ் அக்கா சொன்னாலும் ஒருமுறை சரிபார்க்கச் சொன்ன அத்தை, அம்மாவின் கையில் இருந்ததை இன்னதென்று கேட்காமல் விழுங்கியிருக்கிறார்.

ஆத்தா வரவில்லை, சர்க்கரை இறங்கியதுதான் என்று சொன்னால் நான் பள்ளிக்குத் திரும்பிவிடலாம். ஆனால் ஏன் இறங்கியது என்று கேட்பார்கள். மாத்திரை என்பேன். யார் கொடுத்தது என்பார்கள். இறந்தவர் அப்பாவுக்கு அக்கா, பெரியப்பாவுக்குத் தங்கை. இந்த வீட்டில் அம்மாவை அதற்குப் பிறகு யார் நிம்மதியாகச் சோறு தின்ன விடுவார்கள்? அம்மாவே தின்பாரா? இதை நினைத்து, வாயை மூடிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடலாம் என்று இன்று மாலைவரை இருந்தேன்.

மாலையில் பெரியம்மா வந்தார். அத்தை பாதியில் விட்ட நோன்பைக் காரியத்தன்று தான் இருந்து முடிக்கப்போவதாகச் சொன்னார். பெரியம்மாவுக்கும் சர்க்கரை உண்டு. அவருக்கும் அதே சின்ன மாத்திரைதான். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நோம்பு வேலையில மறந்துடுவீங்கக்கா. அன்னிக்கு உங்களுக்கும் நானே பாத்துக் குடுக்குறேன்" என்றார்.

அத்தையை அறிந்தவர்களே, அவர் நினைவாக நான் வைத்துக்கொண்டது இவ்வளவுதான். ஆணியிலிருந்த சுருக்குப் பையை எடுத்து என் இடுப்பில் கட்டிக்கொண்டேன். உள்ளே வெல்லம் இருக்கிறது. அந்த ஒரு குழி வெட்டப்படாத அட்டையும் இருக்கிறது. அவருடைய சந்தேகமும் என்னிடம்தான் இருக்கிறது. அது சும்மா இருக்கவிடாது என்று இப்போது தெரிகிறது. இன்னும் சற்று நேரத்தில் கோழி கூவும். அம்மா எழுந்து அடுப்பு மூட்டுவார். வேறு யாரும் எழுவதற்கு முன்னால் அம்மாவிடம்தான் முதலில் போவேன். பெரியம்மாவுக்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம், பெரியப்பா கத்தட்டும், அப்பா கேட்கட்டும்.

என்ன சொல்வது என்று தேட வேண்டியதில்லை. கரண்டியோடு ஓடிவந்து அத்தை சொல்லிக் கொடுத்திருக்கிறார். யார் குடுத்தாங்கன்றது அப்பாலம்மா. மொதல்ல அந்த மாத்திரையைக் கீழ வை.